பழைய சார்ட் கன்ட்ரோலை இணையப் பக்கத்தில் அமர்த்தலாமா? க்யூட்டி வெப்அசெம்ப்ளியும் சீர்ப்ஜேயும் – ஒரு மதிப்பீடு

அளவீட்டுக் கருவிகளிலிருந்து வரும் தரவை வரைந்து காட்டும் டெஸ்க்டாப் மென்பொருள்கள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மவுஸால் ஒரு பகுதியை இழுத்துக் குறித்தால் அது பெரிதாகும், கோட்டின்மேல் சுட்டியை நிறுத்தினால் அந்தப் புள்ளியின் மதிப்பு தோன்றும், வலது பொத்தானை அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். பயனர்களுக்குக் கை பழகிப்போன இந்தச் செயல்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வரி நிரல் இருக்கும். அதே விளக்கப்படத்தை உலாவியிலும் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை வரும்போது நிரலாளருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதுவது. மற்றொன்று, இருக்கிற கன்ட்ரோலையே (படத்தை வரைந்து, பயனரின் செயல்களுக்கு ஏற்ப இயங்கும் நிரல்கூறு) அப்படியே இணையப் பக்கத்துக்குள் கொண்டுவந்து அமர்த்துவது. இரண்டாவது வழிக்கு இன்று கிடைக்கும் கருவிகளில் குறிப்பிடத்தக்க இரண்டை, அதாவது சி++ நிரலுக்கான க்யூட்டி வெப்அசெம்ப்ளியையும் ஜாவா நிரலுக்கான சீர்ப்ஜேயையும், இங்கே மதிப்பிடுகிறேன். க்யூட்டி என்பது சி++ மொழியில் சாளர மென்பொருள் எழுத உதவும் நூலகத் தொகுப்பு; வெப்அசெம்ப்ளி என்பது உலாவி நேரே ஓட்டக்கூடிய நிரல் வடிவம். படம் சரியாக வரையப்படுகிறதா என்பதை மட்டும் வைத்து இவற்றை எடைபோட்டால் இரண்டுமே தேறிவிடும். கன்ட்ரோலும் அதைச் சுற்றியுள்ள பக்கமும் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன என்பதே என் அளவுகோல்.

இந்த ஆசை புதிதன்று. 1996இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ்எக்ஸை அறிமுகப்படுத்தியபோதே, விண்டோஸ் கன்ட்ரோல்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் வைக்கும் வழி திறந்துவிட்டது. ஆஃபீஸ் 2000, எக்ஸ்பி, 2003 ஆகியவற்றுடன் வந்த ஆஃபீஸ் வெப் காம்போனென்ட்ஸ், எக்செல் பாணி விளக்கப்படத்தைப் பக்கத்துக்குள்ளேயே கொடுத்தது. டாட்நெட் காலத்தில், ஆப்ஜெக்ட் டேகில் டிஎல்எல் கோப்பின் பெயரையும் வகுப்பின் முழுப் பெயரையும் எழுதினால் விண்டோஸ் ஃபார்ம்ஸ் கன்ட்ரோலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஜாவா உலகில் ஆப்லெட்டுகள் (பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்கள்) அதே வேலையைச் செய்தன. இவை வீழ்ந்ததற்குக் காரணம் பாதுகாப்பு. குறிப்பாக ஆக்டிவ்எக்ஸில், இணையத்திலிருந்து வந்த பக்கம் ஒன்று பயனரின் கணினியில் அவருக்குள்ள அத்தனை அதிகாரத்தோடும் ஓடும் நிரலை இயக்கலாம் என்பதே அடிப்படைக் கோளாறு. 2009இல் ஆஃபீஸ் வெப் காம்போனென்ட்ஸில் இருந்த ஓட்டை ஒன்றைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அதற்கான திருத்தம் வெளியானது. அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. டாட்நெட் 4.5 பழைய கன்ட்ரோல்களை உலாவியில் ஏற்றுவதை இயல்பாகவே தடுத்தது. குரோம் 2015இல் பழைய பிளக்இன் முறையை முற்றிலும் நீக்கியது. ஜாவா பிளக்இன் 2018இல் வெளியான ஜேடிகே 11 பதிப்பிலிருந்து இல்லாமல் போனது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 டெஸ்க்டாப் செயலிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் முடிந்தது.

எட்ஜ் உலாவியின் ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) பயன்முறை மட்டும் மிச்சமிருக்கிறது. நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு ஒரு தளப் பட்டியலில் முகவரியைச் சேர்த்துவிட்டால், அந்தப் பக்கம் பழைய ட்ரைடென்ட் எஞ்சினில் திறக்கும். ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல்களும் வேலை செய்யும். குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் கூறியுள்ளது. அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் பழைய பக்கம் ஒன்றுக்கு அவகாசம் வாங்கிக்கொள்ள இது போதும். புதிதாக ஒன்றை இதன்மேல் கட்டுவது வீண் வேலை.

க்யூட்டி வெப்அசெம்ப்ளியின் அணுகுமுறை முற்றிலும் வேறு. இங்கே உலாவிக்குள் வெளியிலிருந்து எதையும் செருகுவதில்லை. சி++ நிரல் முழுவதையும் எம்ஸ்கிரிப்டன் கம்பைலர் மூலம் வெப்அசெம்ப்ளியாக மாற்றி, உலாவியின் சொந்தப் பாதுகாப்பு வேலிக்குள்ளேயே ஓட்டுகிறோம். 2018இல் க்யூட்டி 5.12உடன் முன்னோட்டமாக வந்த இந்த வசதி, 2019இல் 5.13இலிருந்து முழு ஆதரவு பெற்றது. ஒவ்வொரு க்யூட்டி பதிப்புக்கும் அதற்கென்று குறிக்கப்பட்ட எம்ஸ்கிரிப்டன் பதிப்பையே நிறுவ வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், கம்பைல் செய்வது பெரும்பாலும் வழக்கமான வேலைதான். முடிவில் வெப்அசெம்ப்ளி கோப்பு, அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, க்யூட்டியின் ஏற்றிக் கோப்பு, மாதிரி எச்டிஎம்எல் பக்கம் ஆகியவை கிடைக்கின்றன. மாதிரிப் பக்கம் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதுவன்று. சொந்தப் பக்கத்தில் ஒரு டிவ் உறுப்பை உருவாக்கி, அளவு கொடுத்து, ஏற்றியை அழைக்கும்போது அந்த உறுப்பைக் கன்டெய்னராகக் குறிப்பிட்டால், கட்டுரைக்கு நடுவே ஒரு கட்டத்துக்குள் கன்ட்ரோல் அடங்கி உட்காருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கன்டெய்னர்களையும் கொடுக்கலாம். க்யூட்டி அவை ஒவ்வொன்றையும் தனித்தனித் திரையாகக் கருதும். ஒரே நிரலிலிருந்து பக்கத்தின் மேலே ஒரு சார்ட்டும் கீழே மற்றொன்றும் வைக்க இது வழிசெய்கிறது. நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

க்யூட்டி சார்ட்ஸ் நிரல் இந்த இடமாற்றத்தில் பெரும்பாலும் அடிபடாமல் வருகிறது. சார்ட் வியூவில் செவ்வக ரப்பர் பேண்டை இயக்கிவைத்திருந்தால், உலாவியிலும் மவுஸை இழுக்கும்போது அதே மெல்லிய செவ்வகம் விரிகிறது. விட்டவுடன் இரு அச்சுகளின் எண்களும் புதிய எல்லைக்கு மாறுகின்றன. கோட்டின்மேல் சுட்டி வரும்போது எழும் சமிக்ஞையும், அதற்காக எழுதிய டூல்டிப் நிரலும் அப்படியே இயங்குகின்றன. டெஸ்க்டாப்பில் பழகியவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

பக்கத்தோடு பேசும் வழியும் எளிதே. எம்ஸ்கிரிப்டனின் எம்பைண்ட் வசதியால் சி++ செயல்கூறுகளை ஜாவாஸ்கிரிப்டுக்குத் திறந்துவிடலாம். பக்கத்தில் உள்ள சாதாரணத் தேர்வுப் பட்டியலில் பயனர் வேறொரு சென்சாரைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வு நேரே நம் செயல்கூறுக்கு வந்து சேரும். புதிய தரவை வரிசையில் ஒவ்வொரு புள்ளியாகச் சேர்க்காமல், ரீப்ளேஸ் செயல்கூறு மூலம் மொத்தமாக மாற்றுவது நல்லது. டெஸ்க்டாப்பிலேயே பரிந்துரைக்கப்படும் இந்த வழக்கம் உலாவியில் இன்னும் முக்கியமாகிறது. காரணம், இயல்பான கட்டமைப்பில் எல்லா வேலையும் உலாவியின் முதன்மை இழை (நிரலின் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தடம்) ஒன்றிலேயே நடக்கிறது. கணக்கீடு நீண்டால் சார்ட் மட்டுமன்றி, பக்கம் முழுவதும் உறைந்துவிடும்.

பல இழைகளைப் பயன்படுத்தும் கட்டமைப்பும் உண்டு; ஆனால் அதற்கு உலாவிகள் விதிக்கும் விலை சிறியதன்று. 2018இல் கணினிச் சில்லுகளின் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்த பிறகு, இழைகளுக்கிடையே நினைவகத்தைப் பகிரும் வசதியை உலாவிகள் கட்டுப்படுத்தின. பக்கத்தைப் பிற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தும் இரண்டு தலைப்புகளைச் சர்வர் அனுப்பினால்தான் அந்த வசதி கிடைக்கும். அத்தலைப்புகளை அனுப்பிய உடனே, வேறு தளங்களிலிருந்து வந்துகொண்டிருந்த படங்களும் சட்டகங்களும் உரிய அனுமதி இல்லாவிட்டால் ஏற மறுக்கும். உங்கள் சார்ட்டை வேறொருவர் தம் பக்கத்தில் ஐஃப்ரேமாகச் சேர்க்க விரும்பினால், அவருடைய பக்கமும் அதே தனிமைக்கு உட்பட வேண்டும். பிறர் பக்கங்களில் சேர்ப்பதற்கென்றே உருவாக்கும் சார்ட்டுக்கு இந்தக் கட்டமைப்பு உதவாது என்றே கொள்ளலாம்.

ஏறும் அளவைப் பொறுத்தவரை க்யூட்டியின் ஆவணமே வெளிப்படையாக எண்களைத் தருகிறது. அடிப்படைத் தொகுதிகள் மட்டும் கொண்ட சிறு எடுத்துக்காட்டு ஜிஜிப் சுருக்கத்தில் 2.8 மெகாபைட், விட்ஜெட்களும் (பொத்தான், பெட்டி போன்ற திரைக்கூறுகள்) சேர்ந்தால் 4.3, க்யூட்டி குயிக் (க்யூட்டியின் மற்றோர் இடைமுகத் தொகுதி), சார்ட்ஸ் எல்லாம் கொண்ட எடுத்துக்காட்டு 8.6. ப்ராட்லி சுருக்கம் பயன்படுத்தினால் கடைசி எண் 6.3 ஆகக் குறைகிறது. காலை முதல் மாலை வரை திறந்து வைத்துப் பார்க்கும் கண்காணிப்புத் திரைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாம் முறை திறக்கும்போது உலாவியின் சேமிப்பிலிருந்தே வந்துவிடும். ஒரு கட்டுரைக்குள் ஒரேயொரு கோட்டுப்படம் காட்ட வேண்டும் என்றால், யூபிளாட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஏறத்தாழ 50 கிலோபைட்டில் அந்த வேலையை முடித்துவிடுகிறது. இந்த இடைவெளியை எந்தச் சுருக்கமும் ஈடுகட்டாது.

இனி எல்லைப் பிரச்சினைக்கு வருவோம். க்யூட்டி தன் கன்ட்ரோலைக் கேன்வாஸ் (பக்கத்திலுள்ள வரைபரப்பு) ஒன்றில் தானே வரைகிறது. உலாவியின் பார்வையில் அது ஒரு படம் மட்டுமே. அச்சின் தலைப்பில் உள்ள சொல்லைப் பக்கத்தின் தேடல் பெட்டியில் தேடினால் கிடைக்காது; அந்த எழுத்தைத் தேர்ந்து நகலெடுக்கவும் முடியாது. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானுக்காக க்யூட்டி 6இன் பிந்தைய பதிப்புகளில் தனி ஏற்பாடு சேர்க்கப்பட்டுள்ளது என்றாலும், அது விட்ஜெட்களின் பெயரையும் நிலையையும் சொல்வதற்கானது. கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை நாமே பக்கத்தில் உரையாகவோ அட்டவணையாகவோ எழுதிவைக்க வேண்டும். பக்கத்தை அச்சிட்டால் திரையில் இருந்த புள்ளிகளே தாளில் விழும் என்பதால் கோடுகள் மங்கலாகத் தெரியும். இதற்கு ஒரு நல்ல மாற்று வழி இருக்கிறது. சார்ட் வியூவை எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) உருவாக்கியில் வரையச் செய்து, கிடைத்த கோப்பைக் கோப்பு உரையாடலின் சேமிப்புச் செயல்கூறு வழியே பயனருக்குப் பதிவிறக்கமாகக் கொடுத்துவிடலாம். அச்சுக்கென்று ஒரு பொத்தானை வைத்து இதைச் செய்துகொடுப்பவர்கள் பயனர்களிடம் நல்ல பெயர் வாங்குவார்கள்.

தமிழில் அச்சுத் தலைப்பு எழுதுகிறவர்கள் எழுத்துருவை மறக்கக் கூடாது. வெப்அசெம்ப்ளி நிரல் கணினியில் நிறுவியுள்ள எழுத்துருக்களை இயல்பாக அணுக முடியாது. க்யூட்டி தன்னோடு கொண்டுவரும் சில லத்தீன் எழுத்துருக்களே இருக்கும். ஆகவே டெஸ்க்டாப்பில் அழகாகத் தெரிந்த ‘கொதிநிலை’ என்ற தலைப்பு, உலாவியில் வெறும் கட்டங்களாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை நிரலின் வளக் கோப்பில் சேர்த்து, தொடக்கத்திலேயே எழுத்துருத் தரவுத்தளத்தில் பதிவுசெய்துவிட்டால் குறை தீர்ந்தது. எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் க்யூட்டிக்குள்ளேயே இருப்பதால், கொம்பும் காலும் தத்தம் இடத்தில் சரியாகவே விழும். பழைய சார்ட் கூறுகள் சிலவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்ற காலத்தை நினைத்தால், இது நிறைவளிக்கும் முன்னேற்றம்.

மவுஸ் சக்கரம் இன்னொரு எல்லைத் தகராறு. சார்ட்டின்மேல் சுட்டி இருக்கும்போது சக்கரத்தைச் சுழற்றினால் படம் பெரிதாக வேண்டுமா, பக்கம் நகர வேண்டுமா? டெஸ்க்டாப்பில் எழாத இந்தக் கேள்விக்கு நிரலாளரே விடை சொல்ல வேண்டும். கன்ட்ரோல் விசை அழுத்தியிருந்தால் மட்டும் பெரிதாக்குவது என் விருப்பம். ஆனால் உலாவியும் அதே சேர்க்கையைப் பக்கத்தைப் பெரிதாக்கப் பயன்படுத்துகிறது என்பதால், சார்ட்டின்மேல் நிகழும்போது உலாவியின் இயல்புச் செயலை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். விசைப்பலகையில் டேப் விசை மூலம் சார்ட்டுக்குள் நுழைந்தவர் வெளியே வரவும் வழி இருக்க வேண்டும். இதைச் சோதிக்காமல் வெளியிடுவது விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்போருக்குச் செய்யும் அநீதி.

பழைய நிரலில் திருத்தியே ஆக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. அமைப்புகள் பெட்டியை எக்செக் மூலம் திறந்து, பயனர் மூடும்வரை அந்த வரியிலேயே காத்திருக்கும் பாணி டெஸ்க்டாப் நிரல்களில் எங்கும் காணப்படும். உலாவியின் முதன்மை இழையில் அப்படிக் காத்திருக்க இடமில்லை. அசின்சிஃபை (நிரலை இடையில் நிறுத்திப் பின் தொடர எம்ஸ்கிரிப்டன் தரும் வசதி) போன்ற தனி ஏற்பாடு இல்லாவிட்டால், பெட்டியை ஓப்பன் மூலம் திறந்து முடிவைச் சமிக்ஞையில் வாங்கும்படி மாற்றி எழுத வேண்டும்.

உரிமத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது ஆபத்து. க்யூட்டியின் அடிப்படைத் தொகுதிகள் டெஸ்க்டாப்பில் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கின்றன என்பதால் வெப்அசெம்ப்ளியும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது. அது ஜிபிஎல் 3 (நிரலை வெளியிட்டால் மூல நிரலையும் திறந்துவிடக் கோரும் உரிமம்) அல்லது வணிக உரிமம் ஆகிய இரண்டில்தான் வருகிறது. க்யூட்டி சார்ட்ஸ் தொகுதிக்கும் அதே இரண்டுதான். மூடிய நிரலை வைத்திருப்பவருக்கு வணிக உரிமம் தவிர வேறு வழியில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. 6.10 பதிப்பிலிருந்து க்யூட்டி சார்ட்ஸ் கைவிடப்படும் தொகுதிகளின் வரிசையில் வைக்கப்பட்டு, அதனிடத்தில் க்யூட்டி கிராஃப்ஸ் முன்வைக்கப்படுகிறது. புதியது க்யூட்டி குயிக் அடிப்படையிலானது. விட்ஜெட் முறையில் எழுதிய சார்ட் நிரல் அதற்குள் நேராகப் போகாது. திருப்பி எழுதும் வேலையைத் தவிர்க்கத்தானே கன்ட்ரோலைச் சுமந்துவருகிறோம். அந்த வேலை சில ஆண்டுகள் கழித்து எப்படியும் வரப்போகிறது என்றால், சுமப்பதன் நியாயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சீர்ப்ஜே இதைவிடத் துணிச்சலானது. லீனிங் டெக்னாலஜீஸ் உருவாக்கிய இந்தக் கருவி, ஜாவா மெய்நிகர் இயந்திரத்தையே உலாவிக்குள் ஓட்டுகிறது. நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை, மூல நிரல் தொலைந்துபோயிருந்தாலும் ஜார் கோப்பு (கம்பைல் செய்த ஜாவா நிரலின் தொகுப்பு) இருந்தால் போதும். பக்கத்தில் ஏற்றியைச் சேர்த்து, தொடக்கச் செயல்கூறை அழைத்து, காட்சிப் பரப்பின் அகல உயரத்தைக் கொடுத்து, ஜாரின் பாதையைச் சொன்னால் ஸ்விங் (ஜாவாவின் பழைய சாளர நூலகம்) சாளரம் பக்கத்தில் எழும்புகிறது. 2000இல் தொடங்கப்பட்ட ஜேஃப்ரீசார்ட் என்ற ஜாவா சார்ட் நூலகத்தை நம்பியிருக்கும் மென்பொருள்களுக்கு இது ஓர் உயிர்க்காப்பு. அதன் சார்ட் பேனலில் வலக்கீழ்ப் பக்கமாக இழுத்தால் பெரிதாவதும், இடப்பக்கமாக இழுத்துவிட்டால் முழு வீச்சுக்குத் திரும்புவதும் ஆண்டாண்டாகப் பயனர்களின் விரல்களில் ஊறிய பழக்கம்.

சில விவரங்களைக் கவனிக்க வேண்டும். ஜார் கோப்புகளைத் துண்டு துண்டாகப் படிப்பதால், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பும் ரேஞ்ச் வசதி சர்வரில் இருந்தாக வேண்டும்; பைத்தானுடன் வரும் எளிய சோதனைச் சர்வரில் அது இல்லை. வலது பொத்தான் பட்டியலில் உள்ள ‘சேமி’ கட்டளை, படத்தைப் பயனரின் வட்டில் எழுதாது. உலாவிக்குள் சீர்ப்ஜே பராமரிக்கும் மெய்நிகர்க் கோப்பு முறைக்குள்தான் அது போய்ச் சேரும். பயனருக்குப் பதிவிறக்கமாகத் தர வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டில் சில வரிகள் எழுத வேண்டும். ஜாவா வகுப்புகளை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து நேரே அழைக்கும் நூலகப் பயன்முறை இருப்பதால், இது கடினமான வேலையன்று. வகுப்புகள் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக ஏறுவதால் முதல் திறப்பு மெதுவாகத்தான் இருக்கும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். நிறுவனங்களுக்கு உரிமம் வேண்டும். தேடல், அச்சு, எழுத்துத் தேர்வு ஆகியவற்றில் க்யூட்டிக்குச் சொன்ன குறைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். தோற்றத்திலும் ஸ்விங்கின் பழைய முகம் நவீனப் பக்கத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

நிரலைச் சர்வரிலேயே ஓட்டி, வரைந்த படத்தை மட்டும் உலாவிக்கு அனுப்பும் மூன்றாம் வழியும் இருக்கிறது. ஜாவாவுக்கு வெப்ஸ்விங், பைத்தானின் மேட்பிளாட்லிப்புக்கு வெப்ஆக் ஆகியவை அப்படிப்பட்டவை. பெரிய தரவு சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் இவை பொருத்தமானவை. ஒவ்வொரு பயனருக்கும் சர்வரின் நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும், மவுஸின் ஒவ்வோர் அசைவும் வலையைக் கடந்து போய்வர வேண்டும் என்பதால், திறந்த இணையப் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு இப்படி அமைகிறது. மூல நிரல் இல்லாத, அல்லது யாரும் தொடத் துணியாத ஜாவா சார்ட் ஒன்றை அலுவலகப் பயனர்களுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டுமானால் சீர்ப்ஜேயைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் பதிப்பும் உலாவிப் பதிப்பும் ஒரே நிரலிலிருந்து வர வேண்டும், திரை முழுவதும் கருவிப்பலகைபோல இயங்க வேண்டும், வணிக உரிமம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் க்யூட்டி வெப்அசெம்ப்ளி தகுந்தது. அப்போதும் புதிய சார்ட்களை க்யூட்டி கிராஃப்ஸில் தொடங்குவதே அறிவுடைமை. உரைக்கு நடுவே வாசகர் பார்த்துவிட்டு நகரும் சார்ட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

அந்தக் கடைசி வகைக்கும் பழைய சி++ நிரலின் பயன் முழுதாக வீணாக வேண்டியதில்லை. உச்சிகளைக் கண்டறிதல், இரைச்சலை வடிகட்டுதல், இலட்சக்கணக்கான புள்ளிகளைத் திரை அகலத்துக்கு ஏற்பக் குறைத்தல் போன்ற கணக்கீட்டுப் பகுதியை மட்டும் எம்ஸ்கிரிப்டனில் கம்பைல் செய்துவிட்டு, வரைவதை ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்திடம் விட்டுவிடலாம். டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் சாளர நூலகம்) சார்ட் கன்ட்ரோலாக அறியப்பட்ட சைசார்ட்டும் தன் இணையப் பதிப்பில் சி++ எஞ்சினை வெப்அசெம்ப்ளியாகவே கொண்டுவந்திருக்கிறது. இவ்வழியில் கணித்த மதிப்புகளை நகலெடுக்காமல், வெப்அசெம்ப்ளியின் நினைவகத்தையே டைப்டு அரே (ஒரே வகை எண்களின் வரிசை) வடிவில் ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டலாம். வேகம் கணிசமாகக் கூடும். நினைவகம் வளர அனுமதித்திருந்தால், அது வளர்ந்த கணமே முன்பு பெற்ற டைப்டு அரே செல்லாததாகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை வரைவதற்கு முன்பும் அதைப் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.